எல்லா என்ஜினுக்கும் எண் மூன்று

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பீர்கள். பதற வேண்டிய செய்தி போன ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. உங்களுக்குத்தான் நான் சொல்லவில்லை. உங்கள் அண்ணனுக்குப் பக்கவாதம். லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று நாலு மாதம்கூட ஆகவில்லை. குளியலறையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். வலது கால் இப்போது பரவாயில்லை, கோலை ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். வலது கை வரவில்லை. பேச்சுதான் பெரிய குழப்பம். உள்ளே எல்லாம் இருக்கிறது, வெளியே வரும்போது வேறு வார்த்தையாக வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் சாவி என்கிறார். என்னைக் குடை என்கிறார். முப்பது வருடம் குடும்பம் நடத்தியதற்குக் கிடைத்த பட்டம்.

போனில் சொல்லலாம்தான். மின் நிலைய டர்பைன் ஹாலில் நின்று நின்று உங்கள் காது பாதி போய்விட்டது, நான் கத்த வேண்டும். கத்தினால் அடுத்த அறையில் அவருக்குக் கேட்கும். உங்கள் பேச்சு அடிபட்டால் அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. அதனால் கடிதம்.

விஷயம் ரயில் மேசை, பின்னறையில் அவர் பொம்மை ரயில்களை ஓட்டுகிற அதே மேசை. பழகின வேலை எதையாவது அவர் கையில் கொடுக்கச் சொன்னார் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா. பின்னறையைத் திறந்தேன். அலமாரியில், டிஜிட்டல் கன்ட்ரோல் பெட்டி ஒன்று, பிரித்த அட்டையோடு இருந்தது. கூடவே ஒரு கைப்பெட்டி, எண் பொத்தான்களோடு. நாலு என்ஜின்களுக்குள் நகம் அளவு சில்லு ஒன்று ஏற்கெனவே பொருத்தியிருந்தார். நான் வேலை பார்க்கிற கடையில் மூக்குக் கண்ணாடி முடுக்குகிற திருப்புளியால் திறந்து பார்த்தேன். பச்சை என்ஜினும் அதில் ஒன்று. அது உங்கள் சண்டை நடந்த அன்றே எரிந்துபோனதாகத்தானே நாம் எல்லோரும் நினைத்தோம்?

இந்த டிஜிட்டல் சங்கதியைத்தானே வீட்டுக்குள் நுழைய விடமாட்டேன் என்று உங்களோடு நாலு வருடம் பேசாமல் இருக்கிறார்? பிறகு எப்போது வாங்கினார், எனக்குத் தெரியாமல்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புத்தகத்தைப் பார்த்து ஒயரைச் சொருகினேன். ஒன்று என்று அழுத்தினேன், எதுவும் நகரவில்லை. இரண்டு, அதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "மூணு, மூணு" என்று நச்சரித்தார். அவர் இப்போது எதற்கெடுத்தாலும் மூணுதான். நாக்கில் ஒட்டிக்கொண்ட வார்த்தை என்று பயிற்சி அம்மா சொன்னார். அவர் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று மூன்றை அழுத்தினேன். நாலு என்ஜினும் ஒரே நேரத்தில் கிளம்பி, இரண்டு நேருக்கு நேர் முட்டிக்கொண்டன.

எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. எழுதுங்கள்.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

ஆறு மாதம். உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன், ஒவ்வொரு முறையும் போன ஆகஸ்ட் என்ற இடத்திலேயே நிற்கிறேன். சண்டை எனக்கும் அண்ணனுக்கும். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததை எனக்குச் சொல்லாமல் இருக்கிற அளவுக்கு நான் உங்களுக்கு என்ன செய்தேன்? இதற்குமேல் எழுதினால் கை வேறு பக்கம் போய்விடும். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

பழைய முறையில் தண்டவாளத்துக்குப் போகும் மின்சாரத்தைத்தான் கூட்டிக் குறைப்போம். எந்த என்ஜின் அதன்மேல் நின்றாலும் ஓடும். அதனால்தான் அண்ணன் மேசையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சுவிட்ச் வைத்திருந்தார். டிஜிட்டலில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். ஓடு, நில் என்கிற கட்டளையும் அதே தண்டவாளத்தின் வழியாகவே போகும், ஒரு எண்ணோடு. அந்த எண் தனக்கு உரியதா என்று பார்ப்பது நீங்கள் சொன்ன நகம் அளவுச் சில்லு. அதை டிகோடர் என்பார்கள். வீட்டுக் கதவு எண் மாதிரி.

புதிதாக வாங்குகிற டிகோடர் எல்லாவற்றுக்கும் எண் மூன்று என்று போட்டுத்தான் வரும். நாம்தான் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அண்ணன் மாற்றவில்லை, அல்லது மாற்றுவதற்குள் இப்படி ஆகிவிட்டது.

அண்ணி, அவர் மூணு என்றது நாக்கில் ஒட்டிக்கொண்டதல்ல. உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பயிற்சி அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

எண் மாற்ற, மேசையோடு சேராத தனித் தண்டவாளத் துண்டு ஒன்று வேண்டும். அதில் ஒரே ஒரு என்ஜினை வைத்து எண்ணை எழுதுங்கள். வழி உங்கள் புத்தகத்திலேயே இருக்கும்.

நான் வருவேனா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "உன் கை பட்டா எதுவும் உருப்படாது" என்று அவர் சொன்னபோது நீங்களும் அந்த அறையில்தான் இருந்தீர்கள். என்ஜின் எரிவதற்கு முன்னால் நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேன், அதுவும் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஏழாம் துண்டை அணைத்தாயிற்றா என்று கேட்டேன். சுவிட்ச் பலகையைப் பார்த்து ஆயிற்று என்றார்.

சின்னவன்


மார்ச் 3

தம்பிக்கு,

உங்கள் கோபம் நியாயம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. முதல் மாதம் அவர் வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. உங்கள் அண்ணனை நீங்கள் அப்படிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். இரண்டாவது மாதம், முதல் மாதமே சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு மாதமும் அதே காரணம்தான், கூடிக்கொண்டே போனது.

மூணு விஷயத்தைப் படித்து ஒரு நாள் முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. பயிற்சி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் உங்கள் அண்ணனிடம் திரும்பி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். "மூணு." ஜன்னலைச் சாத்தட்டுமா? "மூணு." இன்று என்ன கிழமை? "மூணு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா மேலே கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் தெரிந்து சொன்னாரா, குருட்டாம்போக்கில் பொருந்திவிட்டதா? நீங்கள் சொல்வதும் சரி, அந்த அம்மா சொல்வதும் சரி என்றால் நான் எதை நம்புவது?

எண் மாற்றும் கதையைக் கேளுங்கள். கன்ட்ரோல் பெட்டியின் பின்னால் இரண்டு ஜோடி ஓட்டைகள். ஒன்று மேசைக்கு, ஒன்று எண் எழுத. தனித் துண்டுக்கு எங்கே போவது, மேசையே இருக்கிறதே என்று மேசை ஒயரைப் பிடுங்கி எண் எழுதுகிற ஓட்டையில் சொருகினேன். பச்சை என்ஜினுக்கு ஐந்து என்று எழுதினேன். பெட்டியும் சரி என்றது. பழையபடி சொருகிவிட்டு ஐந்தை அழுத்தினால் நாலும் கிளம்புகின்றன. முன்பு எல்லாரும் மூன்று, இப்போது எல்லாரும் ஐந்து.

உங்கள் அண்ணன் சிரித்தார். ஆகஸ்டுக்குப் பிறகு முதல் சிரிப்பு. சத்தம் போட்டு, தோள் குலுங்க. நானும் சேர்ந்து சிரித்தேன். பார்த்தால் கண்ணில் நீர் வழிகிறது, நிறுத்த முடியவில்லை. இந்த நோயில் சிரிப்பும் அழுகையும் காரணமில்லாமல் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். அதனால் அவர் சிரித்தாரா என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

ஐந்து விஷயத்தை ஷிப்டில் ஒருவரிடம் சொல்லிச் சிரித்தேன். யார் என்று கேட்டார். எங்கள் அண்ணி என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வார்த்தையை வாயால் சொன்னேன்.

நீங்கள் எழுதியது மேசையில் நின்ற எல்லா என்ஜினுக்கும் போய்விட்டது, அவ்வளவுதான். எதுவும் கெடவில்லை. ஒரு முழ நீளத் தண்டவாளத்தைச் சமையலறை மேசையில் வையுங்கள். எண் எழுதும் ஓட்டையிலிருந்து இரண்டு ஒயர் அதற்கு மட்டும். ஒவ்வொரு என்ஜினாகத் தூக்கிக்கொண்டு போய் எழுதிவிட்டு வாருங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. மேசைக்கு அடியில் பழைய சுவிட்ச் பலகையின் ஒயர்கள் இன்னும் தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கின்றனவா? பழைய மின்சாரமும் புதிய மின்சாரமும் ஒரே நேரத்தில் மேசையில் இருந்தால், ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு என்ஜின் கடக்கிற நொடியில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும். அன்றைக்கு நடந்தது அதுதான். எட்டாம் துண்டின் பழைய ஒயரைக் கழற்றிவிட்டு, என் டிஜிட்டல் பெட்டியை அதில் மட்டும் கொடுத்துக் காட்டினேன். ஏழு அணைந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பித்தளைத் தகட்டை வெட்டி இரண்டு வருடம் அவர் செய்த பச்சை என்ஜின், என் கண் முன்னால் புகைந்தது.

நீங்கள் பார்த்து எழுதும்வரை எதையும் ஓட்ட வேண்டாம். பழைய டிரான்ஸ்பார்மரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். இப்போதே.

அவருக்கு இடது கை நன்றாக வருகிறதா?

சின்னவன்


மார்ச் 21

தம்பிக்கு,

பலகை மேசைக்கு அடியில் இல்லை. ஒயர்களை எல்லாம் அவரே வெட்டி, முனையில் டேப் சுற்றி, வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார். பலகை அலமாரியின் கீழ்த்தட்டில் கவிழ்ந்து கிடந்தது. அதன் பின்பக்கத்தைப் பார்த்து ஐந்து நாள் ஆகிறது. உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று அந்த ஐந்து நாளும் எனக்குள்ளேயே அடித்துக்கொண்டேன். எழுதிவிடுகிறேன்.

ஏழாம் சுவிட்சின் ஒயர் எட்டாம் துண்டுக்குப் போகிறது. எட்டினுடையது ஏழுக்கு. இரண்டையும் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம். பக்கத்தில் அவர் கையெழுத்து: "மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஏழை அணைத்தால் எட்டுதான் அணையும். சின்னவன் மேல் தப்பு இல்லை." கீழே தேதி. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

பலகையை அவர் மடியில் வைத்துக் கேட்டேன். "இது எப்போ தெரிஞ்சது? தெரிஞ்சும் ஏன் சொல்லல?" அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சு இருந்த காலத்திலும் ஒன்றரை வருடம் சொல்லாதவர், இப்போது எதைக் கொண்டு சொல்வார்? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த நிமிடம் அவர் கோலைத் தேடித் துழாவுகிறார், எடுத்துக் கொடுக்கிறேன். நோயாளிமேல் கோபப்படலாமா என்று யாரிடம் போய்க் கேட்பது?

என் பங்கும் இருக்கிறது. நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது வாசலில் வைத்து, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது என்று சொன்னது நான். அவர் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தால் அந்த வார்த்தை மூக்குக் கண்ணாடி விற்கிறவள் வாயில் வருவதுபோல வருகிறது. மாற்றித் தருகிறோம் சார், மன்னிக்கணும் சார் என்று தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. வேறு வார்த்தை கிடைத்ததும் எழுதுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

நான் தப்புச் செய்யவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும் என்றுதான் நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பலகையில் அவர் எழுதியதைப் படித்த பிறகுதான், எனக்கே உள்ளூரச் சந்தேகம் இருந்திருக்கிறது என்று தெரிகிறது. வேலையில் ஒரு சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டாம் முறை போய்ப் பார்ப்பேன். படி இறங்கியவன் திரும்பி ஏறிப் போய் இன்னொரு முறை பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். பொறுப்பான ஆள் என்று மேலதிகாரி பாராட்டினார். பொறுப்பு இல்லை அது, பயம். என் கையை நானே நம்பவில்லை.

இரண்டு வருடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தபால் அட்டை போதுமே. அதை விட்டுவிட்டு டிஜிட்டல் பெட்டி வாங்கி அலமாரியில் வைத்தால் எனக்கு எப்படித் தெரியும்? எனக்காக வாங்கினாரா, தனக்காகவா? அவருக்கே தெரிந்திருக்குமா?

இப்போது வந்து அவர்முன் நின்றால் நான் கேட்கப்போவது இதைத்தான். கேட்டால் அவரால் சொல்ல முடியாது. முடியாதவரை நிற்கவைத்துக் கேட்க எனக்கு மனம் இல்லை, கேட்காமல் இருக்கவும் மனம் இல்லை. அதனால் வரவில்லை.

ஒயர்கள் வெட்டப்பட்டிருந்தால் மேசை பத்திரம். தாராளமாக ஓட்டுங்கள்.

உங்களிடம் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். கொஞ்சம் இருக்கிறது. போய்விடும்.

சின்னவன்


ஏப்ரல் 15

தம்பிக்கு,

வரச் சொல்லி இதை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சமையலறை மேசையில் தண்டவாளத்தை வைத்து எண் எழுதிவிட்டேன். பச்சைக்குப் பதினொன்று, சரக்கு என்ஜினுக்கு இருபது, மற்ற இரண்டுக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு. என்ஜின் வயிற்றில் வெள்ளை மையால் எழுதியும் விட்டேன். கைப்பெட்டியை அவர் இடது கையில் கொடுத்தேன். கட்டைவிரல் முதலில் தடுமாறியது. ஒரு வாரத்தில் பதினொன்றை அவரே அழுத்தி, ஸ்டேஷனில் நிறுத்தி, திரும்பக் கிளப்புகிறார். வேகம் கூட்டிக் குறைக்கிற பழைய குமிழாக இருந்திருந்தால் ஒரு கையால் சுவிட்சையும் குமிழையும் பிடித்திருக்க முடியாது. அதை நினைத்தால் இந்தப் பெட்டியைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் தகராறு. மேசையிலுள்ள பொம்மை மலைக்குப் பின்னால் தண்டவாளம் வளைந்து, போன வழியிலேயே திரும்பி வந்து சேர்கிறதே, அங்கே என்ஜின் நுழைந்ததும் பெட்டி கீச்சிட்டு எல்லாம் நின்றுவிடுகிறது. கையால் தூக்கி வைத்தால்தான் மறுபடி ஓடுகிறது.

நேற்று அப்படித் தூக்கி வைக்கும்போது அவரிடம் சொன்னேன். "பலகையில எழுதினதை சின்னவனுக்கு எழுதி அனுப்பிட்டேன்." அவர் கைப்பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு ஒரு வார்த்தை, தெளிவாக: "வா."

பச்சை என்ஜின் அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அதைச் சொன்னாரா, உங்களைச் சொன்னாரா, என்னை அருகே கூப்பிட்டாரா? உங்களைத்தான் என்று எழுதக் கை துறுதுறுத்தது. மூணு விஷயத்தில் ஒரு முறை சூடுபட்டுவிட்டோம். காதில் விழுந்தது வா. அதற்குமேல் எனக்குத் தெரியாது.

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணிக்கு,

மே முதல் சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். இரண்டு நாள் விடுப்புதான் கிடைத்தது. அவரிடம் முன்கூட்டிச் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், என்னால் முடியவில்லை.

வளைவில் இடது தண்டவாளம் சுற்றி வந்து வலது தண்டவாளத்தோடு சேருகிறது, இரண்டின் மின்சாரமும் முட்டிக்கொள்கிறது, அதனால்தான் நின்றுபோகிறது. அதற்குத் தனியாக ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டும். கொண்டுவருகிறேன்.

சின்னவன்


மே 10

அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சனிக்கிழமை நீங்கள் கடைக்குப் போன அந்த ஒன்றரை மணி நேரம் என்ன நடந்தது, இரண்டு பேரும் ஏன் மேசைக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருந்தோம் என்று நான் கிளம்பும்போது கேட்டீர்கள். வாசலில் நின்று சொல்ல வரவில்லை. உங்கள் திட்டு முடிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் இருந்தவரை அவர் என்னைப் பார்க்கவே இல்லை, ஞாபகம் இருக்கும். மீட்டர் பார்க்க வந்த ஆளைப்போல என்னை உட்காரவைத்துவிட்டு ரயிலையே ஓட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் கிளம்பியதும் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கருவியை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தேன். அங்கே இருட்டு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒயரைத் தேடிக்கொண்டிருந்தேன். கோல் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு சாணாக நகர்ந்து உள்ளே வருகிறார். என் வாயிலிருந்து டார்ச்சை எடுத்து இடது கையால் பிடித்தார். சரியாக நான் பார்க்க வேண்டிய இடத்தில் பிடித்தார்.

கொஞ்ச நேரம் வேலை பார்த்தோம். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். சாவி, மூணு, நாளைக்கு, குடை, மூணு. ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. ஆனால் வேகமாக, விடாமல், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். "சரிண்ணா, விடுங்க" என்றேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. மறுபடி அதே வார்த்தைகள், வேறு வரிசையில். மறுபடி சரி என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. டார்ச்சைத் தரையில் தட்டினார். நானும் அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"எனக்குப் புரியலண்ணா. நீங்க சொல்றது ஒண்ணும் புரியல. நீங்க ஏன் எனக்குச் சொல்லலன்னும் புரியல."

அவர் அப்படியே நிறுத்தினார். முகம் தெளிந்தது. ஆறு மாதத்துக்கும் மேலாக எல்லோரும் அவரிடம் சரி சரி என்றே சொல்லியிருப்போம் போலிருக்கிறது. மெதுவாக என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "எனக்கும்" என்றார். ஒரே வார்த்தை. அது தவறி வந்த வார்த்தையாகவும் இருக்கலாம், நான் வாதாட மாட்டேன். அப்படியே உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் அவரைத் தூக்க எனக்கு இடுப்பு இல்லை, என்னைத் தூக்க அவருக்குக் கை இல்லை. நீங்கள் வந்து கத்தியது அந்த நேரத்தில்தான்.

கருவியைப் பாதிதான் பொருத்தினேன். இரண்டு ஒயர் பாக்கி. அதுவரை என்ஜினை மலைக்கு இந்தப் பக்கமே நிறுத்தச் சொல்லுங்கள். கேட்க மாட்டார், தெரியும். ஜூன் ஏழாம் தேதியிலிருந்து பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் போனில் சொல்ல வேண்டாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள், சின்னவன் வருகிறான் என்று. என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள். எந்த வார்த்தையாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

சின்னவன்